அம்மாவின் சத்து ஊசி

முட்டை அவிக்கும் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டால் ஓடு சுலபமாக உரியும், ஐயா. அம்மாவுக்குக் காலையில் நான்தான் அவித்துக் கொடுப்பேன். ஹட்டனில் ஜிம் மாஸ்டராக இருப்பதால் சாப்பாட்டு விஷயம் எனக்கு அத்துப்படி.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மாவின் பெயர் அம்மாக்கண்ணு. றொசல்லவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். வயது அறுபதைத் தாண்டியதும் தொடைச் சதை வற்றி, மலை ஏற முடியாமல் போயிற்று. வீட்டில் ஒருவராவது காலையில் பேர் பதியும் பெரட்டில் நின்று வேலைக்குப் போகாவிட்டால், தோட்டம் கொடுத்த லயக்காம்பராவைக் காலி செய்யவேண்டும் என்று தோட்டத்துத் துரை சொல்லியனுப்பினார்.

நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து எழும்பினால் மெதுவாகத் தேறும் என்றார் டாக்டரம்மா. ஹோர்மோன் ஊசி போடலாமா என்று கேட்டேன். இருதயம் பலவீனம், கூடவே கூடாது என்றார். மெதுவாகத் தேற எங்களுக்கு ஏது அவகாசம்? ஜிம் பையன்கள் சதை ஏற்றப் போடும் அதே ஹோர்மோன் ஊசியை, சத்து ஊசி என்று அம்மாவிடம் சொல்லிப் போட்டேன்.

ஊசி வேலை செய்தது. அம்மா இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்க மலை ஏறினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு குரல் கரகரத்துத் தடித்தது. ஒருநாள் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, எனக்குத் தாடி மொளைக்குதுடா. சாமி குத்தமா?"

"வயசு போனா அப்படித்தாம்மா."

அதன்பிறகு நானே சவரம் செய்துவிட்டேன், காயம் படாமல். கோயிலில் பாடுவதை விட்டுவிட்டார். யாராவது பேச்சுக் கொடுத்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினார். கால் வீங்கியபோதும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போகவில்லை. போனால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். ஊசியையும் நிறுத்தவில்லை.

ஒருநாள் மலையில் கொழுந்துச் சாக்கோடு விழுந்தவர் எழும்பவில்லை. இருதயம் நின்றது என்றார்கள். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. அன்று சவரம் செய்ய மறந்திருந்தேன். குளிப்பாட்டிய பெண்கள் முகவாயைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அம்மாவுக்கு ஏதோ சாபம் என்று லயம் முழுக்கக் கதை பரவியது. நான் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் தாங்காமல்தான் இங்கே, பொலிசுக்கு வந்தேன்.

வீட்டைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று சொல்ல நினைத்தேன், ஐயா. ஆனால் துரை கேட்டது வீட்டில் ஒருவரை. அம்மாவைத்தான் அனுப்பவேண்டும் என்று அவர் சொல்லவேயில்லை. ஜிம் மாஸ்டர் தேயிலை வெட்டும் கத்தியோடு பெரட்டில் நின்றால் ஊர் சிரிக்கும் என்று ஒதுங்கியவன் நான்.