செல்லி மிளகாய்

எனக்குக் காரம் ஆகாது, ஐயா. வயிற்றுப்புண். தயிர்ச்சோறுதான் என் சாப்பாடு. ஆனாலும் அரூர் பக்கம் விளைகிற எந்த மிளகாயைக் காட்டினாலும் பெயர் சொல்லிவிடுவேன். பதினோரு வருஷமாக விதை பார்க்கிற உத்தியோகம்.

முப்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில், சித்தேரி மலையிலிருந்து சந்தைக்கு வந்த செல்லியின் கூடையில் அதைப் பார்த்தேன். உருண்டை, நகத்தளவு, கத்தரிப்பூ நிறம். பெயர் வரவில்லை. புத்தகங்களிலும் இல்லை. மேலிடத்துக்கு எழுதினேன். மார்கழிக்குள் விதை அனுப்பினால், கண்டுபிடித்தவன் என்று என் பெயரைப் பதிவதாகப் பதில் வந்தது. அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன்.

சந்தைக்கு வந்ததெல்லாம் பிஞ்சு. அதன் விதை முளைக்கவில்லை. மலையேறினேன். விதை அவள் அடுப்புக்கு மேலே, சுரைக்குடுக்கையில் தொங்கியது. மாற்றாக இரண்டு படி குண்டு மிளகாய் வற்றல் கொண்டுபோயிருந்தேன்.

"சாமிக்குப் படைக்காம வெதை வூட்ட வுட்டுப் போவாதுங்க. தை பொறக்கட்டும், நானே தரேனுங்க" என்றாள்.

மரியாதையாகத்தான் சொன்னாள். மூன்று வாரம் பொறுத்திருக்கலாமே என்பீர்கள். கடிதத்தில் மார்கழி என்றல்லவா இருந்தது?

கொண்டுபோன வற்றலை அடுப்பில் கொட்டிவிட்டு வெளியே வந்து, மூங்கில் படலைக் கயிற்றால் கட்டினேன். அந்த வீட்டுக்கு ஜன்னல் கிடையாது. ஆண்கள் காட்டுக்குப் போயிருந்தார்கள். "தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல், அவிழ்க்கிறேன்" என்று நாலைந்து முறை கேட்டேன். இருமல்தான் வந்தது. அந்த நெடியில் யாராலும் பேச முடியாது என்பது எனக்குப் பிறகுதான் தோன்றியது.

சத்தம் நின்றதும் மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். தூளியில் குழந்தை இருந்ததைப் பற்றிக் கேட்டீர்கள். பார்த்தேன். முதலில் போனபோதே பார்த்தேன்.

என் வீட்டில் நீங்கள் எடுத்த குடுக்கை அதுதான். அடுப்புச் சூட்டில் விதை வெந்திருக்க வேண்டும், ஒன்றே ஒன்றுதான் முளைத்தது. அதற்கு என் பெயரை வைக்க மனம் வரவில்லை, செல்லி என்றே வைத்தேன். எனக்கும் ஈவிரக்கம் உண்டு.

என்னைப் பிடித்து இரண்டு நாளாகிறது. கொல்லையில் தொட்டிச்செடி ஒன்று நிற்கும், யாரையாவது அனுப்பித் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். செல்லி வாடினால் எனக்குத் தாங்காது.