வாளேந்திய ராணியும் வெட்டுப்படாத மந்திரவாதியும்

ஏம்பலத்தில் இரவெல்லாம் ராணியாகவும் மந்திரவாதியாகவும் ஆடிய கூத்துக்காரர் இருவர், வில்லியனூரில் காலை ரயிலேறி என் எதிரே அமர்ந்தனர். மந்திரவாதியாக ஆடிய மூத்தவரின் மடியில் அவருடைய சிறுமகள் உறங்கினாள்.

“என் தலைய வெட்டாம வுட்டுட்டியேடா! மந்திரவாதி சாவலன்னா ஊருக்கு ஆவாதும்பாங்க. இனிமே ஏம்பலத்துல நம்மளக் கூப்புடுவாங்களா?”

“உம் பொண்ணு ஓடியாந்து, ‘எங்கப்பாவ வுட்டுடு, ராணி’ன்னு என் காலக் கட்டிக்கிச்சே, மாமா. எப்பிடி வெட்டுறது?”

“அது கூத்துடா!”

“அதுக்குத் தெரியுமா? அத்தினி பூதத்த வெட்டுன ராணி, ஒரு கொழந்தைக்காவ கத்தியக் கீழ போட்டா கொறஞ்சா பூடுவா?”

மூத்தவர் மகளை மெல்லத் தூக்கி இளையவர் மடியில் கிடத்தினார்.

“கூப்புடலன்னா போவட்டும். நீயே வெச்சிக்க, முழிச்சா மொதல்ல ராணியத்தான் தேடும்.”