நடுவில் இருந்த புதன்கிழமை

காலை ஐந்தரை மணிக்கு எழுந்துவிடுவேன். கிணற்றடியில் இரண்டு வாளி ஊற்றிக் குளிப்பேன். குற்றாலத்தில் இருந்துகொண்டு கிணற்றில் குளிப்பவன் நான் ஒருவன்தான் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அருவிக்கரைக்குப் போனால் நாலு பேரிடம் பேச வேண்டியிருக்கும். காப்பி போட்டு, நின்றபடியே குடிப்பேன். ஆறரைக்குத் தோட்டத்தில் இருப்பேன். முதலில் மழைமானியில் தேங்கிய நீரை அளந்து நோட்டில் எழுதுவேன். இன்று கால் அங்குலம். சாரல் முடியப்போகிறது. பிறகு மான்களுக்குக் கொள்ளு, மயில்களுக்குச் சோளம், குரங்குகளுக்கு வாழைப்பழம். கடைசியில் செடிகளின் பெயர் எழுதிய தகரப் பலகைகளை ஈரத்துணியால் துடைப்பேன். மண் தெறித்து எழுத்து மறைந்திருக்கும்.

மிருகங்களுக்குத் தீனி போடுவது என் வேலை அல்ல. மாடக்கண்ணுவின் வேலை. அவன் நாலு வாரமாகத் தென்காசி சப்ஜெயிலில் இருக்கிறான். என் மனைவி முத்துவடிவு தோட்டத்துச் சிறுத்தையால் இறந்தாள். அதற்கு அவனுடைய அஜாக்கிரதைதான் காரணம் என்று வழக்கு. திங்கட்கிழமை தீர்ப்பு. அதற்கு முன் இது மாஜிஸ்திரேட் ஐயா அவர்கள் கையில் சேர வேண்டும் என்று எழுதுகிறேன்.

என் பெயர் நாறும்பூநாதன். வயது இருபத்தெட்டு. தாவரவியலில் பி.எஸ்ஸி. இலஞ்சி ரோட்டில் உள்ள தோட்டத்துக்கு மூன்று வருடமாகச் செயலாளர். தோட்டம் சர்க்காருடையது அல்ல. ஊர்க்காரர்கள் சபை வைத்து நடத்துவது. ஜாதிக்காய், கிராம்பு, மங்குஸ்தான் மரங்கள், நிழலில் பெரணிச் செடிகள் வளர்க்கும் ஒரு பெரணி வீடு, அதை ஒட்டிப் பன்னிரண்டு கூண்டுகள்.

நிலம் தந்தவர் பால்வண்ணநாதன் பிள்ளை. சபைக்கு அவர்தான் தலைவர். நிலம் தரும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வெள்ளி, அமாவாசை, பிரதோஷம், கார்த்திகை, இந்த நாட்களில் தோட்டத்துக்குள் மாமிசம் நுழையக் கூடாது. மனுஷனுக்கு மட்டுமா, மிருகத்துக்குமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "வாசல் எல்லாருக்கும் ஒண்ணுதானவே" என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. அப்போது எங்களிடம் மாமிசம் தின்னும் பிராணி ஒரு மலைப்பாம்புதான். அது மாதம் ஒரு தடவை தின்னும். விதியால் யாருக்கும் கஷ்டம் இல்லை.

சிறுத்தை பிறகு வந்தது. மலையில் எஸ்டேட் கூலிகள் விறகு வெட்டப் போன இடத்தில் கிடைத்த குட்டி. கண் திறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அப்போது எங்கள் குழந்தை இறந்து நாற்பது நாள். முத்துவடிவு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். குட்டியைக் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்தான். கைக்கு ஒரு வேலை இருக்கட்டும் என்று நினைத்தேன். அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. அவள் எழுந்து உட்கார்ந்தாள். பாலைக் காய்ச்சி ஆற்றிப் புட்டியில் புகட்டினாள். தலை வாரிக்கொண்டாள்.

எங்கள் வழக்கப்படி குழந்தைக்கு என் அப்பாவின் பெயர் வைத்திருந்தோம், வல்லிநாயகம் என்று. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லமாட்டாள். அதனால் அவள் பிள்ளையைப் 'பெரியவர்' என்றுதான் சொல்வாள். பெரியவர் முழிச்சாச்சு, பெரியவருக்கு விக்கல் எடுக்குது என்பாள். பத்தொன்பது நாள் அப்படிச் சொன்னாள்.

குட்டி ஐந்து மாதத்தில் கூண்டுக்குப் போயிற்று. தினமும் காலையில் முத்துவடிவு கூண்டுக்குள் போய் அரைமணி நேரம் அதனோடு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் நான் பெரணி வீட்டில் தொட்டி மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் குரல் கேட்டது.

"பெரியவரு இன்னிக்கு நகத்தைக் காட்டுதாரே. யாரு மேல கோவம்?"

பிறகு சிரித்தாள். நான் தொட்டியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் அவள் குறை வைக்கவில்லை. சோறு நேரத்துக்கு இருக்கும். வேட்டி வெளுத்திருக்கும். நான் கேட்டால் பதில் சொல்வாள். தானாக ஒன்று கேட்கமாட்டாள், மழை வருமா என்றுகூட. ஒன்றரை வருடம் அப்படி இருந்தோம். குழந்தைக்கு ஜுரம் கண்ட அன்று நான் திருநெல்வேலியில் விதை வாங்கப் போயிருந்தேன். அதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

மாடக்கண்ணு என்னைவிட இருபது வயது மூத்தவன். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மா உள்ளே போவதை நிறுத்திவிடச் சொன்னான். "இப்போ அது குட்டி இல்ல ஐயா. நான் வயிறு நெறையப் போட்டு வச்சிருக்கேன், அதான் சும்மா கெடக்கு" என்றான். வயிறு நிறைய என்பதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். விலக்கு நாட்களில் அவன் மசூது கடையில் கறி வாங்கி, பின்வேலி வழியாகக் கொண்டுவந்து போட்டுவிடுவான். தலைவருக்குத் தெரியாது. நான் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தேன்.

போகாதே என்று நான் சொன்னால் முத்துவடிவு நின்றிருப்பாள். புருஷன் சொன்னான் என்று நின்றிருப்பாள். எனக்கு அது வேண்டாம். அவளுக்கே அது வேண்டாமென்று போக வேண்டும்.

இந்த வருடம் ஆனிக் காற்றில் நாலு கூண்டின் கூரை பறந்துவிட்டது. பெரணி வீடு சரிந்தது. தோட்டத்தை மூடிவிடலாம் என்று சபையில் பேச்சு வந்தது. கடைசியில் ஆடி முடிவில் ஒரு சனிக்கிழமை மாலை நிதி விழா நடத்தத் தீர்மானித்தார்கள். பந்தல், நாதஸ்வரம், பள்ளிப் பெண்களின் கோலாட்டம், மங்குஸ்தான் கன்றுகள் ஏலம், டீ. நிறைவாகச் செயலாளரின் மனைவி சிறுத்தையோடு கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பாள் என்று நோட்டீஸில் அச்சடித்தோம். அது தலைவரின் யோசனை. "தம்பி, ஒம்ம வீட்ல அதுகூட உக்காந்திருக்கிறதைப் பாத்தா, செங்கோட்டை எஸ்டேட் முதலாளி மனசு எளகிருவாரு" என்றார். முத்துவடிவு ஒத்துக்கொண்டாள். தோட்டம் மூடினால் சிறுத்தையை எங்கே அனுப்புவார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

நான் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். செவ்வாய் பிரதோஷம். வியாழன் அமாவாசை. அதற்கடுத்து வெள்ளி. சனிக்கிழமை கறி போடும் நேரம் சாயங்காலம் ஆறு மணி. விழாவில் அவள் உள்ளே போகும் நேரம் ஐந்தரை. இந்த விதியை எழுதியவன் நான் அல்ல. நடுவில் இருந்த புதன்கிழமையை மட்டும் நான் சேர்த்துக்கொண்டேன்.

மாடக்கண்ணுவின் மகளுக்குச் சுந்தரபாண்டியபுரத்தில் ஆண் குழந்தை பிறந்திருந்தது. செவ்வாய் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வா, சனிக்கிழமை மத்தியானம் வந்தால் போதும் என்றேன். அவன் நம்பாமல் என் முகத்தைப் பார்த்தான். தீனி யார் போடுவது என்று கேட்டான். நான் போடுகிறேன் என்றேன். பிறகு மசூது கடைக்குப் போய், சனிக்கிழமை வரைக்கும் கறி வேண்டாம் என்றேன்.

"நடுவுல புதன் இருக்கே, பிள்ளைவாள்?"

தலைவர் உத்தரவு என்றேன்.

"புலிக்குப் பஞ்சாங்கம் பாக்கத் தெரியாதுல்லா" என்று சொல்லிவிட்டு மசூது வேறு ஆளுக்கு வெட்டப் போனார். இந்த வழக்கில் அவரை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. சபையில் கறிக்கடை வாசலில் நிற்கக்கூடியவர்கள் யாரும் இல்லை.

அந்த நாலு நாளும் முத்துவடிவு சிறுத்தையைப் பார்க்கவில்லை. விழாவுக்காகக் கம்பிகளுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தோம். அது காயும் வரை சிறுத்தையை உள்ளறையில் அடைத்திருப்பதாகச் சொன்னேன். அது உண்மைதான். தண்ணீர் வைத்தேன். ஒருநாளும் தவறவில்லை.

பசித்த மிருகம் அவளைப் பார்த்து உறும வேண்டும். இருநூறு பேர் முன்னால் அவள் பயந்து வெளியே வர வேண்டும். பிறகு அவள் அங்கே போகமாட்டாள். வீட்டில் பேசுவதற்கு நான் ஒருவன் இருக்கிறேன். நான் நினைத்தது இவ்வளவுதான்.

சனிக்கிழமை மத்தியானம் மாடக்கண்ணு வந்தான். பேரன் பிறந்ததற்கு ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாய் கொண்டுவந்தான். உள்ளறையை எட்டிப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தான்.

"ஐயா, இது தின்னுச்சா?"

"தின்னுச்சு."

"வயிறு ஒட்டிக் கெடக்குதே?"

"அடச்சுப் போட்டதுனால அப்படித் தெரியுது."

அவன் இன்னொரு தடவை உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "படிச்சவங்க சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு, துவைத்த காக்கிச் சட்டையை மாட்டிக்கொள்ளப் போனான். ஐந்தரைக்கு முத்துவடிவு கூண்டுக்குள் போனதும், உள்ளறைக் கதவைத் தூக்கிச் சிறுத்தையை விட்டவன் அவன்தான். என் வார்த்தையை நம்பித் தூக்கினான்.

இதை அவன் இன்ஸ்பெக்டரிடம் சொல்லியிருக்கிறான். இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். நினைவில்லை என்றேன். மனைவியைப் பறிகொடுத்தவனை அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். அதற்குள் பின்வேலி வழியாகக் கறி வந்த விஷயம் தலைவர் காதுக்குப் போயிற்று. விலக்கு நாளிலும் பச்சை மாமிசம் போட்டு அதற்கு வெறி ஏற்றிவிட்டான் என்று அவர் சாட்சி சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்புகிறார். சிறுத்தையை அன்றே சுட்டுவிட்டார்கள். வயிற்றை அறுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

சப்ஜெயிலுக்கு ஒருமுறை போனேன். மாடக்கண்ணு இளைத்திருந்தான். மகள் வீட்டுக்குப் போனது தன் தப்பு என்றான். "அந்த நாலு நாளும் நான் இங்கன கெடந்திருந்தா அம்மா இருந்திருப்பாங்க ஐயா" என்றான். சாப்பிட்டீர்களா என்று என்னைக் கேட்டான். அவன் அப்படி நினைத்துக்கொண்டது எனக்கு வசதியாக இருந்தது. இரண்டு வாரம் அந்த வசதியில் இருந்தேன்.

பட்டினி போட்டவன் அவன் அல்ல. அவன் கேட்காமல் கதவைத் தூக்கவில்லை. அவனை விட்டுவிட வேண்டும்.

இன்னொன்றும் திருத்த வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், காரில், "தோட்டத்தை மூடிராதீங்க" என்று அவள் சொன்னதாக நான் சபையில் சொன்னேன். தலைவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எஸ்டேட் முதலாளி கூரை முழுவதையும் தாமே போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டார். அந்த வாசகத்தைக் கல்லில் வெட்டி வாசலில் வைக்கப் போகிறார்கள். கல் வந்து இறங்கிவிட்டது. வெட்ட வேண்டாம். காரில் அவள் பேசவில்லை. பேசும்படியாக இல்லை.

அவள் கடைசியாகப் பேசியது கூண்டுக்குள். ஆள் உள்ளே இருக்கும்போது வெளிக்கதவைத் தாழ் போட வேண்டும் என்பது கூட்டத்தின் பாதுகாப்புக்காக நான் எழுதிய விதி. தாழைப் போட்டு அங்கேயே நின்றேன். உள்ளறைக் கதவைத் தூக்கியதும் மாடக்கண்ணுவை, எஸ்டேட் முதலாளிக்கு விளக்கம் சொல்லும்படி முன்வரிசைக்கு அனுப்பிவிட்டேன். அவள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். ஜனங்கள் கைதட்டினார்கள். சிறுத்தை உறுமவில்லை. தரையோடு படிந்து அவளையே பார்த்தது. அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். மெதுவாக எழுந்து, முதுகு காட்டாமல், பின்பக்கமாகவே நடந்து வந்து கதவுக் கம்பியில் சாய்ந்தாள். என் கைக்கும் அவள் தோளுக்கும் ஒரு சாண்தான். ரவிக்கை நனைந்திருந்தது. அவள் பயந்துவிட்டாள். நான் நினைத்தது நடந்துவிட்டது.

தாழ் புதியது. எண்ணெய் போட்டிருந்தேன். ஒரு விரலால் நகரும். கையும் அதன்மேல்தான் இருந்தது.

ஆனால் ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக அவள் என்னிடம் தானாக ஒன்று கேட்டாள். இன்னொரு தடவை கேட்கட்டும் என்று இருந்தேன்.

என் பக்கம் திரும்பாமல், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், அவள் சொன்னது இது:

"இங்கேருங்க, இதுக்குப் பசிக்கிது. கதவைத் தொறங்க."