முப்பது-முப்பது எடுக்கச் சொன்னது நான்தான்

துப்பாக்கி வாங்க வருகிறவன் யாராக இருந்தாலும் எங்கள் கடையில் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: எந்தக் காலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டா, எடுக்கலாம். ஆணி, கோடரி, அடுப்புக் குழாய் என்று எல்லாம் விற்கிற கடை அது. இருபத்தாறு வருடமாக அங்கே நிற்கிறேன். ஒருவனுக்கும் தப்பான யோசனை சொன்னதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஷெரீஃப்.

என் தம்பி ஆர்வோவுக்கும் நல்ல யோசனைதான் சொன்னேன். நான்கு வருடத்துக்கு முன், அக்டோபரில், லீவரை இழுத்தால் உள்ளே இருக்கும் தோட்டா வெளியே விழுந்து அடுத்தது ஏறுகிற லீவர் துப்பாக்கி வாங்க வந்தான். முப்பத்தைந்து காலிபர்மேல் அவனுக்கு ஒரு கண்.

"அண்ணே, முப்பத்தஞ்சுன்னா ஒரே அடியாம். மான் அப்படியே உக்காந்துருமாம்."

"உக்காரும்டா. மொதல்ல அது மேல படணும்ல? முப்பது-முப்பது எடு, தோள்ல இடிக்காது. நம்ம மிச்சிகன் காட்டுல நூறு கஜத்துக்கு அந்தாண்ட எவன் கண்ணுக்கு மான் தெரியுது? தோட்டா தீந்தா என்கிட்ட வாங்கிக்கலாம். என்னோடதும் அதுதானே."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இருந்தாலும் அவனைச் சம்மதிக்கவைக்கப் பத்து நாள் பிடித்தது. அவன் பிடிவாதமாக முப்பத்தைந்தையே எடுத்திருந்தால் யால்மர் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான்.

நீங்கள் இந்த ஊருக்குப் புதிது. யால்மரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். செம்புச் சுரங்கத்தில் வேலை, பெரிய தொண்டை. ஐலியின் புருஷன். ஃபின்லாந்துக்காரர் ஹாலில் ஐலியை முதலில் ஆடக் கூப்பிட்டவன் நான். அன்றைக்கு அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டவன் அவன். மான் வேட்டைக்கு நாங்கள் மூவரும் ஒரே குடிசையில்தான் தங்குவோம். சவுனா என்கிற நீராவி அறையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவனுக்கு அந்தக் கதை ஞாபகம் வந்துவிடும்.

"நம்ம ஒன்னி இருக்கானே, இன்னும் ஹால் வாசல்ல அவ கோட்டைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான்டா," என்று என்னைக் காட்டிச் சொல்வான்.

பன்னிரண்டு வருடம் சொன்னான். பன்னிரண்டு வருடமும் நான் சிரித்தேன்.

ஆர்வோவுக்கு ஒரு கோளாறு உண்டு. மானை எதிரே கண்டால் கை கால் உதறி, புத்தி கழன்றுவிடும். எங்கள் பக்கத்தில் பலருக்கு வருவதுதான். துப்பாக்கி வாங்குவதற்கு முந்தின வருடம் என்னுடையதை இரவல் கொண்டுபோய், பெரிய கொம்புமான் ஒன்றின் முன்னால் லீவரை இழுத்து இழுத்து ஆறு தோட்டாவையும் பனியில் கொட்டினான். விசையைத் தொடவே இல்லை. ஆறு தடவை சுட்டதாகச் சத்தியம் செய்தான், சத்தம்கூடக் கேட்டதாம். குறி தவறியவனின் சட்டை வாலை, அதாவது பின்பக்க நுனியை, வெட்டிக் குடிசைச் சுவரில் ஆணி அடிப்பது எங்கள் வழக்கம். யால்மர் கத்தரிக்கோலோடு வந்தான்.

"சுட்டுத் தவறுனாத்தான்டா சட்டை வால். சுடாத பயலுக்கு நான் எதை வெட்டட்டும்?"

அன்றைக்கு நான் மனதாரச் சிரித்தேன். எனக்கு வழி தெரிந்துவிட்டது.

அவன் துப்பாக்கி வாங்கிய அதே வருடம் நவம்பர் பதினைந்து, வேட்டைச் சீசன் முதல் நாள். முந்தின மாலை மூவரும் தகரடப்பாவைச் சுட்டுப் பழகியிருந்தோம். எல்லாத் துப்பாக்கியிலும் மருந்து வாசனை இருந்தது. யால்மர் சதுப்புக்குள் இறங்கிக் கத்திக்கொண்டே மான்களை எங்கள் பக்கம் விரட்ட வேண்டும். ஆர்வோவும் நானும் கரையில் எண்பது கஜம் விலகி நின்றோம். சதுப்புப் பக்கம் சுடக்கூடாது, மான் நம்மைத் தாண்டிய பிறகுதான் சுட வேண்டும் என்பது விதி. ஒரு கொம்புமான் ஆர்வோவை நோக்கி வந்தது. அவன் லீவர் கடகடவென்று ஓடுவது எனக்குக் கேட்டது. தேவதாருக்களுக்கு நடுவே யால்மரின் சிவப்புத் தொப்பி தெரிந்தது. ஒரே தடவை சுட்டேன்.

ஆர்வோ ரத்தத் தடம் தேடி மான் போன பக்கம் ஓடினான். நான் அவன் நின்ற இடத்துக்குப் போனேன். பனியில் ஆறு தோட்டா, ஆறும் முழுசாகக் கிடந்தன. ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு என்னுடைய காலித் தோட்டாவை அங்கே வைத்தேன். அவனுடையது முப்பத்தைந்தாக இருந்தால் என் காலித் தோட்டா அதற்குப் பொருந்தாது, இது நடக்காது. குண்டு யால்மரைத் துளைத்துக்கொண்டு சதுப்பில் போய்விட்டது; கிடைக்கவில்லை.

"நான்தாண்ணே கொன்னுட்டேன். சத்தம் கேட்டுச்சுண்ணே," என்று ஆர்வோ பனியில் உட்கார்ந்து அழுதான்.

"தெரியும்டா," என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன். உங்களுக்கு முன்னால் இருந்த ஷெரீஃபிடம் அவனே வாக்குமூலம் கொடுத்தான். இரண்டு வருடம் உள்ளே இருந்தான்.

அந்த இரண்டு வருடமும் ஐலியின் கூரையைச் செப்பனிட்டவன் நான். மாவும் மண்ணெண்ணெயும் சுமந்தவன் நான். "ரொம்ப நன்றி, ஒன்னி," என்பாள், கதவைப் பாதி திறந்து. உள்ளே வா என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆர்வோ வெளியே வந்த அன்றே நேராக அவள் முற்றத்துக்குப் போய்க் கோடரியை எடுத்தான். ஒரு குளிர்காலம் முழுக்க விறகு பிளந்தான், தலை நிமிராமல். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. ஒரு நாள் அவள் கதவை முழுசாகத் திறந்து, "போதும் ஆர்வோ, உள்ள வா, குளிருது," என்றாளாம். சர்ச்சில் எல்லோர் முன்னாலும் அவன் கையைப் பிடித்து மன்னித்தேன் என்றாள். மன்னிக்க அவனிடம் ஒன்று இருந்தது. என்னிடம் அவளுக்கு என்ன இருந்தது?

போன வாரம் ஆர்வோ கடைக்கு வந்தான், அவனுக்கும் ஐலிக்கும் நடக்கப்போகிற கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நிற்க என்னைக் கூப்பிட.

"அவ மன்னிச்சதாலதாண்ணே உசுரோட இருக்கேன். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கறதே அந்த மன்னிப்புதான். அது மட்டும் இல்லேன்னா அவ மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன், அவ என்னைய எதுக்குப் பாக்கப்போறா?"

செய்யாத பாவத்தை என் தம்பி சுமப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அதற்காகத்தான் வந்தேன், வேறு எதற்காகவும் இல்லை. யால்மரைக் கொன்றவன் நான். ஆர்வோ சுடவே இல்லை. அவனிடம் அவள் மன்னிக்க எதுவுமே இருந்ததில்லை. இதை நீங்களே நேரில் போய் அவர்களிடம் சொல்ல வேண்டும், இருவரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது. கல்யாணம் சனிக்கிழமை பதினோரு மணிக்கு. தயவுசெய்து அதற்கு முன்னால் போய்விடுங்கள்.