புள்ளி ஏலக்காயின் மேல்தான் இருந்தது

சிவப்புப் புள்ளி எல்லாருடைய கண்ணுக்கும் வட்டமாகத் தெரிவதில்லை மேடம். வாங்கப் போகிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். சிலருக்கு அது நட்சத்திரம் போலச் சிதறும். சிலருக்கு வால் முளைத்து மிளகாய் விதை போலக் கோணும். குற்றம் புள்ளியில் இல்லை, பார்க்கிற கண்ணில். எனக்கு வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்த பிறகு, துப்பாக்கி நுனியையும் இலக்கையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாமல் போயிற்று. ஒன்று தெளிந்தால் மற்றது மங்கும். அதனால்தான் துப்பாக்கிக்கு மேலே, சிவப்புப் புள்ளி காட்டுகிற ரெட் டாட் குறிக்கண்ணாடியை மாட்டினேன். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இது.

டீ ஆறுகிறது, குடியுங்கள். எனக்கு வேண்டாம். ஏலக்காய் போட்டிருக்கிறது.

ஏலக்காய் வியாபாரி ஏலக்காய் டீ குடிக்காதது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். முன்பு குடித்தவன்தான். அப்பா காலத்திலிருந்து இதே குடோன். போடிமெட்டுக்கு மேலே இருக்கிற தோட்டங்களிலிருந்து ஜீப்பில் இறங்குகிற காயைச் சலித்து, பெண்களை உட்காரவைத்துப் பொறுக்கி, நிறம் பார்த்துத் தரம் பிரித்து அனுப்புகிறோம். எட்டு எம்எம் சல்லடையில் நிற்கிற பச்சைக் காய்தான் முதல் தரம். அந்த மூட்டையைப் பிரித்தால் ஒரு தூசி இருக்கக் கூடாது. கிங்ஸ்லி கடைச் சரக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பார்கள். அந்தப் பேரைச் சுத்தத்தால் சம்பாதித்தேன்.

துப்பாக்கி என் ஒரே பொழுதுபோக்கு. நானும் என் நண்பன் பால்ராஜும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருக்கிறோம். காற்றுத் துப்பாக்கி, ஈயக் குண்டு, பத்து மீட்டரில் காகித இலக்கு. ரெட் டாட் எடுக்க மதுரைக்குப் போனபோதும் பால்ராஜ் கூட வந்தான். கடைக்காரர் மூன்று விதம் எடுத்து வைத்தார். ஒன்று குழாய் போல நீண்டது. இன்னொன்று சிறு கண்ணாடி ஜன்னல் மாதிரி. மூன்றாவதில் புள்ளி பெரிது, தீக்கங்கு போல இருந்தது. நான் ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“பொண்ணு பாக்க வந்தவன்கூட இம்புட்டு நேரம் பாக்க மாட்டான் மாப்ளே. புடிச்சிருந்தா பூவ வச்சிட்டு வா, பசிக்குது” என்றான் பால்ராஜ்.

அவனுக்கு எதிலும் அவசரம். பெரிய புள்ளி இலக்கையே மறைத்துவிடும். மிகச் சிறியது என் கண்ணுக்கு நடுங்கும். பத்து மீட்டரில் ஒரு எட்டு எம்எம் காயை மூடுகிற அளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அது அந்தக் குழாயில் கிடைத்தது. பணம் கட்டும்போது கடைக்காரர் ஒன்று சொன்னார்.

“இது பேரலுக்கு மேல உக்காந்திருக்குல்ல சார். பத்து மீட்டருக்கு செட் பண்ணா பத்து மீட்டர்லதான் புள்ளியும் குண்டும் ஒண்ணு சேரும். கிட்டத்துல சுட்டா குண்டு ஒரு விரக்கட கீழ போகும். மறந்துறாதீங்க.”

பால்ராஜும் கேட்டுக்கொண்டுதான் நின்றான்.

இனி செல்லத்தாயைப் பற்றிச் சொல்கிறேன். ராசிங்காபுரத்திலிருந்து பஸ்சில் வருகிறவள். வேலையில் குறை சொல்ல முடியாது. திருட்டு இல்லை, பொய் இல்லை. எல்லாரோடும் சிரித்துப் பேசுவாள். ஆனால் அவளுக்கு ஒரு பழக்கம். பொறுக்கும்போது சந்தேகம் வந்தால் காயை வாயில் போட்டுக் கடைவாயில் லேசாக அழுத்திப் பார்ப்பாள். பிறகு வெளியே எடுத்து, சேலையில் துடைத்து, சொளகில் போட்டுவிடுவாள். எச்சில் காயும் நல்ல காயும் ஒன்றாகக் கிடக்கும். நான் என் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். உதடு திறக்கும். விரல் உள்ளே போகும். ஈரத்தோடு வெளியே வரும்.

கண்டித்தேன். சத்தம் போடவில்லை, எனக்கு அது வராது.

“வாய்ல போடுற சாமானத்தான அண்ணாச்சி வாய்ல போடுறேன்? எச்சி பட்டா ஏலம் கசந்தா போயிரும்?” என்றாள். பக்கத்தில் இருந்த தேவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். வரிசை முழுக்கச் சிரித்தது.

அன்று சாயங்காலம், தைத்து வைத்த முதல் தர மூட்டை ஒன்றைப் பிரித்துக் கொட்டித் தேடினேன். ஒரு காயில் பல் தடம் இருந்தது. ஒரே ஒரு காய்தான். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். இதுவரை எத்தனை மூட்டை போயிருக்கும், யார் யார் வீட்டுப் பாயசத்தில் அவள் வாய் போயிருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனதும் என் மனைவி கிருபாராணி டீ கொடுத்தாள். வாசனை மூக்கில் ஏறியவுடன் முற்றத்தில் வாந்தி எடுத்தேன். “பித்தமா இருக்கும்” என்றாள். இருக்கலாம் என்றேன்.

வேலையை விட்டு நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவள் வீட்டில் அவள் சம்பாத்தியம்தான் சோறு. காரணம் இல்லாமல் ஒரு ஏழையை நிறுத்துகிற ஆள் நான் இல்லை.

மதியம் பெண்கள் பின்கட்டில் சாப்பிடப் போகும்போது குடோனுக்குள்ளேயே சுட்டுப் பழகுவேன். மேசையிலிருந்து கடைசிச் சுவர் வரை பத்து மீட்டர் இருக்கிறது. காகிதத்தில் ஒரு ஏலக்காயை ஒட்டிவைத்துச் சுடுவேன். ஒருநாள் அவர்கள் சீக்கிரம் திரும்பிவந்துவிட்டார்கள். துப்பாக்கியைப் பார்த்ததும் சினிமாவில் வருகிற மாதிரி தங்கள் மேல் சிவப்பு விழுகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டார்கள். அது இலக்கில் விழாது, குறி பார்க்கிறவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும் என்று விளக்கினேன்.

“அப்ப நம்ம மேலயே இருந்தாலும் நமக்குத் தெரியாதா அண்ணாச்சி?” என்றாள் செல்லத்தாய்.

“தெரியாது.”

“நல்ல கூத்துதான். செவத்துல ஒட்டுனத எவனும் சுடுவான். என் கையில இருக்குறதச் சுடுங்க பாப்போம். திருவிழாவுல பலூன் சுடுறதுதானே இது.”

சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். நானும் சிரித்தேன். அதன் பிறகு சில நாட்கள் சுவரில் பழகவில்லை. அவள் உட்காருகிற ஜன்னல் ஓரத்தில் ஒரு பலகையை நிறுத்தி, அதில் காயை ஒட்டிச் சுட்டேன். மேசையிலிருந்து பாதித் தூரம். கடைக்காரர் சொன்னது சரிதான். புள்ளி காயின் மேல் நிற்கும், ஓட்டை காய்க்கு ஒரு விரற்கடை கீழே விழும். காய் அப்படியே இருக்கும். நிறைய முறை பார்த்தேன், ஒரு முறைகூட மாறவில்லை. மனிதர்களிடம் கிடைக்காத ஒழுங்கு அது.

சம்பவம் நடந்த அன்று நான்தான் அவளுடைய பேச்சை நினைவுபடுத்தினேன். “கையில பிடிக்கிறேன்னியே, பிடிக்கிறியா?” என்றேன். அவள் உடனே எழுந்து நின்றாள். தேவி பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் காயை நெஞ்சுக்கு நேரே பிடித்தாள். வேண்டாம், மேலே பிடி என்றேன். விரல்களை மேலாக வைத்துக் கிள்ளிப் பிடி, விரலில் பட்டுவிடக் கூடாது என்றேன். புருவத்துக்கு நேராக, முகத்துக்குக் கொஞ்சம் தள்ளி. அவள் அப்படியே செய்தாள். சொன்னால் கேட்கிற பிள்ளை அவள். அப்போதும் வாய் அசைந்துகொண்டிருந்தது. எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

புள்ளி காயின் மேல்தான் இருந்தது. இதை முன்பே உங்களிடம் சொன்னேன், அது பொய் இல்லை. நான் குறி பார்த்தது ஏலக்காயைத்தான்.

மதுரை ஆஸ்பத்திரியில் அவளுடைய வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். ஜீப்பில் கொண்டுபோகும்போதும் அவள் காயை விடாமல் பிடித்திருந்தாள் என்று தேவி சொன்னாள். காயில் ஒரு கீறல்கூட இல்லையாம்.

பால்ராஜ்தான் எல்லாருக்கும் விளக்கம் சொன்னான். “கிட்டத்துல கீழ எறங்கும்னு கடக்காரன் படிச்சுப் படிச்சுச் சொன்னான். மறந்துட்டான் பாவி” என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நான் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். செல்லத்தாய் உங்களிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். “எல்லாம் என் வாய்க்கொழுப்பு. அண்ணாச்சி கண்ணுக்கு மேலதான் பிடிக்கச் சொன்னாக, கண்ணு பத்திரமா இருக்கட்டும்னுதான்.” அதைக் கேட்டுவிட்டு நீங்களும் விபத்து என்று கேஸை முடிக்கத்தான் இன்றைக்கு வந்திருக்கிறீர்கள்.

முடிக்க வேண்டாம்.

அவள் இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் காய் பொறுக்க முடியாதே. ஆனால் வந்துவிட்டாள். கிருபாராணி அவளுக்கு டீ போடுகிற சோலியைக் கொடுத்துவிட்டாள். தினமும் என் மேசைக்கு எதிரே வந்து நிற்கிறாள். மூடிக்கிடக்கிற அந்தக் குழியில் நீர் கசிகிறது. விரலால் துடைத்துவிட்டு அதே விரலால் தம்ளரைப் பிடிக்கிறாள்.

“வெசனப்படாதீங்க அண்ணாச்சி, ஒரு கண்ணுதான போச்சு” என்று எனக்கு ஆறுதல் சொல்கிறாள். ஊர்க் கோயிலில் என் பேருக்கு அர்ச்சனை செய்து, திருநீற்றுப் பொட்டலத்தை மேசையில் வைக்கிறாள். நான் வேதக்காரன், கிறிஸ்தவன் என்று சொல்லிப் பார்த்தேன். “எந்தச் சாமியா இருந்தா என்ன” என்கிறாள். மன்னிப்பு இப்படி ஈரமாக, பிசுபிசுப்பாக, தினமும் வந்து கையில் ஒட்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவள் போன பிறகு மேசையை டெட்டால் போட்டுத் துடைக்கிறேன். மறுநாள் மறுபடியும் வருகிறாள்.

அதனால்தான் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். குண்டு எங்கே இறங்கும் என்று எனக்குத் தெரியும். காயை எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான். மறதி இல்லை.

குடித்துவிட்டீர்களா. பரவாயில்லை. இங்கே ஏலக்காய் தட்ட இடிகல் இருக்கிறது, ஆனால் அவள் அதை எடுப்பதில்லை. பல்லிலேயே உடைத்துப் போட்டுவிடுவாள்.

அவளுக்கு இதை நீங்களே சொல்லிவிடுங்கள் மேடம். நான் சொன்னால் பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொள்வாள். தெளிவாகச் சொல்லுங்கள், அண்ணாச்சி வேண்டுமென்றுதான் செய்தார் என்று. அதைக் கேட்ட பிறகாவது நாளைக்கு வராமல் இருப்பாள், இல்லையா?