நீளத் தடி யாருடைய யோசனை

ஒட்டுசுட்டானில் மரம் அரிந்து விற்கும் மரக்காலையில் இனி வேலை இல்லை என்றார்கள். மாங்குளம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பாதி வழியில் பஸ் வந்தது, ஏறினேன். முன் சீற்றில் கம்பஸில் படிக்கும் ஒரு பிள்ளையும் அவளுடைய அக்காவும் இருந்தார்கள்.

“எனக்கு வேண்டியது ஓட்டைதான் அக்கா. ஓட்டை இல்லாட்டி அது வெறும் தூள்.”

“விளங்கிற மாதிரிச் சொல்லடி.”

“உலோகம் முடிச்சு மாதிரி, சேதனச் சேர்வை, அதுதான் கரி இருக்கிற சேர்வை, தடி மாதிரி. ரெண்டையும் தொடுத்தால் கூடு கூடாய் ஒரு பளிங்கு வரும். கூட்டுக்குள்ள வெறும் இடம் இருந்தால்தான் வாயு போய்த் தங்கும். தடியை நீட்டு, இடம் கூடும் எண்டார் எங்கட ஆராய்ச்சியைப் பார்க்கிற சேர். நீட்டினால் ஒரு கூட்டுக்குள்ள இன்னொரு கூடு வளர்ந்து அடைச்சுப்போடும் எண்டு முதலே சொன்னனான்.”

“பிறகு?”

“அடைச்சுப்போட்டுது. இப்ப நீளத் தடி என்ர யோசனையாம். அறிக்கையில அப்பிடி எழுதி, கையெழுத்து வையெண்டு தந்திருக்கிறார்.”

“நீ என்ன சொன்னனீ?”

“ஓம் சேர் எண்டனான்.”

“உன்ர வாய்க்குள்ளயும் ஒரு கூடு வளர்ந்து அடைச்சிட்டுதோ?”

தங்கச்சி சிரிக்கவில்லை. மடியிலிருந்த தாளை எடுத்து, அந்த வரியைப் பேனையால் குறுக்கே வெட்டினாள். “இனி வைக்கிறன் கையெழுத்து” என்றாள்.

அடுத்த நாள் காலை மாங்குளத்தில் ஒரு கட்டடத்துக்குச் சாரம் கட்டும் வேலைக்குப் போனேன். கம்புகளை எட்ட எட்டக் கட்டச் சொன்னார் மேசன். விழுந்தால் யாருடைய பிழை என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினேன்.