நீண்டு போன கட்டங்கள்

வாயாடி: ...காலையில சார் மார்க் போடுறப்போ உன் முறை முடிஞ்சதும் போர்வையைச் சுருட்டிக்கிட்டு ஓடினவ, இப்பதான் நெசவு வகுப்புப் பக்கம் வர்ற. சார் என்னடி சொன்னாரு?

நெட்டை: அத விடு. உன் போர்வைக்கு என்ன சொன்னாரு?

வாயாடி: நீதான் கதவோரமா நின்னு ஒட்டுக் கேட்டியே.

நெட்டை: உன் வாயால கேக்கணும்.

வாயாடி: பாதி வரைக்கும் கட்டமெல்லாம் சதுரமா இருக்காம். அதுக்கு மேல உன்ன மாதிரி நெட்டையா வளந்து நிக்குதாம். கை தடுமாறிடுச்சாம். மார்க்கும் தடுமாறிடுச்சு.

நெட்டை: உனக்கா கை தடுமாறும்? நீ தறியில உக்காந்தா கட்டடமே அதிரும்.

வாயாடி: ஏதோ சோம்பல்... உங்க அப்பாவுக்கு எப்படி இருக்கு?

நெட்டை: ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. எழுந்து உக்கார்றாரு... பேச்ச மாத்தாத. நான் ஆஸ்பத்திரியில இருந்தப்போ என் போர்வை தானா வளந்திருக்கு.

வாயாடி: நல்ல நூலுடி. தண்ணி ஊத்தினா வளரும்.

நெட்டை: பாதியில விட்டுட்டுப் போனேன். வந்து பார்த்தா முடிஞ்சிருக்கு.

வாயாடி: நீயே முடிச்சிருப்ப. அப்பா கவலையில மறந்திருப்ப.

நெட்டை: முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காத. நம்ம வாசல்ல இருக்கிற பழைய இரும்பு கேட்டப் பார்த்து, துரு நிறம் மெல்ல சாம்பலா மாறணும்னு வரைஞ்சு தறியில மாட்டியிருந்தேன். நடுவுல ஒரு மஞ்சக் கோடு எங்கேர்ந்து வந்துச்சு?

வாயாடி: ...அசிங்கமா இருக்கா?

நெட்டை: அது இல்லேன்னா அந்த ரெண்டு நிறமும் சண்டை போட்ட பங்காளிங்க மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கிட்டு இருந்திருக்கும். எனக்குத் தோணவே இல்ல. அந்த மஞ்ச நூல் உன் பெட்டியில மட்டும்தான் இருக்கு.

வாயாடி: சரி, நான்தான். துரு நூல் தீந்துடுச்சு, வேற என்ன பண்றது? ஆனா கட்டத்தப் பாரு, ஒண்ணாவது நசுங்கியிருக்கா? உன்ன மாதிரியே பூனை நடக்கிறாப்புல தறிப் பலகைய மெதுவா அடிச்சேன்.

நெட்டை: அப்படியே அடிச்சு அடிச்சு உன் கை அதுக்கே பழகிடுச்சு. உன் தறிக்குத் திரும்பிப் போயும் மெதுவாவே அடிச்சிருக்க. இழைய நெருக்காம விட்டா கட்டம் நீளாம என்ன பண்ணும்?

வாயாடி: ...சார்கிட்ட மட்டும் சொல்லிடாதடி. அடுத்தவ நெய்ஞ்சதுன்னு தெரிஞ்சா உன்ன ஃபெயில் ஆக்கிடுவாரு. இவ்வளவு கஷ்டத்துக்கு நடுவுல இந்த வருஷமும் போச்சுன்னா...

நெட்டை: சொல்லிட்டேன்.

வாயாடி: அடிப்பாவி.

நெட்டை: நீ திட்டு வாங்கினத என்னால கேட்டுக்கிட்டு நிக்க முடியல. என் முறை வந்ததும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். என் போர்வைய விரிச்சுப் பார்த்தாரு. அப்புறம், 'நீ நெய்ஞ்சத மட்டும் வெட்டி மேசையில வை'ன்னாரு. மீதிய லீவுல வந்து நெய்யணுமாம். நீயும் கெட்டுப்போன பாதிய மறுபடி நெய்யலாமாம்.

வாயாடி: நல்லா மாட்டிவிட்ட. ரெண்டு பேருக்கும் லீவு போச்சு.

நெட்டை: உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலடி.

வாயாடி: சொல்லித் தொலைக்காத, அழுதுடுவேன்... அது சரி, நான் நெய்ஞ்ச பாதி?

நெட்டை: வெட்டி, ஓரத்துல முடிச்சுப் போட்டேன்.

வாயாடி: போட்டு? குப்பையிலயா எறிஞ்ச?

நெட்டை: அப்பா கால் குளுருதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. கொண்டுபோய்ப் போத்திவிட்டுட்டுத்தான் வர்றேன். 'நீ நெய்ஞ்சதாம்மா'ன்னு தடவித் தடவிப் பார்த்தாரு. 'இல்லப்பா, உங்க இன்னொரு பொண்ணு நெய்ஞ்சது'ன்னேன்.